சிறிய உடம்பா, இளம் உடம்பா: ஐஸ் ஹாக்கியில் எது முதலில் உடைகிறது?

2022 ஜூலையில் மாண்ட்ரியால் நகரில், வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல்லின் டிராஃப்ட் நடந்தது. 18 வயதை எட்டும் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் நாள் அது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, லேன் ஹட்சன் என்ற அமெரிக்க இளைஞர் தன்னைப் பேட்டி கண்ட அணிகளிடம் ஒரு மருத்துவரின் கடிதத்தைக் காட்டினார். ஹார்மோன் நிபுணர் எழுதிக் கொடுத்த கடிதம். பையனின் எலும்பு வளர்ச்சி வயதுக்குப் பின்தங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் உயருவான் என்பதுதான் அதன் சாரம். அப்போது அவர் உயரம் 5 அடி 8 அங்குலம். அதுவும் தடுப்பு ஆட்டக்காரர். எதிரணியின் மலைபோன்ற ஆட்களைத் தன் கோலுக்கு முன்னாலிருந்து நகர்த்த வேண்டிய வேலை.

கடிதம் பெரிதாக உதவவில்லை. அவருக்கு முன்னால் 61 பெயர்கள் வாசிக்கப்பட்டன. 62-வதாக மாண்ட்ரியால் கனேடியன்ஸ் அவரை எடுத்தது. 2024-25 பருவத்தில், தன் முதல் முழுப் பருவத்தில், ஹட்சன் 82 ஆட்டங்களிலும் ஆடினார், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. 60 கோல்களுக்கு பாஸ் கொடுத்து உதவினார். முதல் பருவத் தடுப்பாளர் ஒருவர் அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதற்கு முன்பு ஒரே ஒரு முறை, 1980-81இல் லாரி மர்ஃபி. ஆண்டின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை ஹட்சனுக்குப் போனது.

இதோடு நிறுத்திவிட்டு, "பார்த்தீர்களா, உயரமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை" என்று கையைத் தட்டிக்கொள்ளலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவரைத் தவிர்த்த அணிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. அவர்கள் பயந்தது உண்மையான ஆபத்துக்குத்தான். ஆனால் அந்த ஆபத்து உயரத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். உயரக் குறைவு இந்த ஆட்டத்தில் சமாளிக்கக்கூடிய குறை. சமாளிக்கக் கஷ்டமானது வயதுக் குறைவு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி "சின்னப் பையன் தாங்குவானா?" என்று கேட்பதால்தான் விவாதம் வருடா வருடம் ஒரே இடத்தில் சுற்றுகிறது.

முதலில் ஆட்டத்தில் எதற்கு அனுமதி உண்டு என்பதைப் பார்த்துவிடலாம். நான் சொல்வது புல்தரை ஹாக்கி இல்லை, பனித்தளத்தில் ஸ்கேட் கட்டி ஆடும் ஐஸ் ஹாக்கி. என்ஹெச்எல் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். சுற்றிலும் பலகைச் சுவர், அதற்குமேல் கண்ணாடி. ஒரு பக்கத்துக்குக் கோல்கீப்பர் நீங்கலாக ஐந்து பேர். பக் எனப்படும் கறுப்பு ரப்பர் வில்லையை வைத்திருப்பவர்மேல் தோளாலோ இடுப்பாலோ மோதி, அவரை அதிலிருந்து பிரிக்கலாம். இதற்குப் பெயர் பாடி செக். பக் இல்லாதவரை மோதக் கூடாது, முதுகுப் பக்கமாகப் பலகையில் தள்ளக் கூடாது, தலையைக் குறிவைக்கக் கூடாது. கடைசியாகச் சொன்ன விதி வந்தது 2010இல்தான். அந்த ஆண்டு மார்ச்சில் பிட்ஸ்பர்க்கின் மேட் குக், பாஸ்டனின் மார்க் சவார்டைத் தலையில் மோதி வீழ்த்தியபோது அது தண்டனைக்குரிய குற்றமாகவே இருக்கவில்லை. நம்பக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிலைமை.

இந்த லீகில் சராசரி உயரம் ஏறக்குறைய 6 அடி 1 அங்குலம், எடை 90 கிலோ. வேகமாக ஓடுபவர்கள் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டுவார்கள். இதில் 80 கிலோக்காரர் 100 கிலோக்காரரோடு மோதினால் என்ன ஆகும்? பள்ளிக்கூட இயற்பியலே போதும். இருவரும் வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் வந்து மோதி ஒட்டிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். மோதிய பிறகு இருவரும் சேர்ந்து பெரியவர் போன திசையில் வினாடிக்குச் சுமார் 0.9 மீட்டர் வேகத்தில் நகர்வார்கள். அதாவது பெரியவரின் வேகம் 7.1 மாறுகிறது, சிறியவரின் வேகம் 8.9 மாறுகிறது. உடம்பு வாங்குகிற அடி அந்த மாற்றம்தான். 20 கிலோ வித்தியாசத்துக்குச் சிறியவர் 25 சதவீதம் கூடுதலாக வாங்குகிறார். கொஞ்சமில்லை.

ஆனால் அதே சிறியவர் மோதலை முன்கூட்டியே பார்த்து, கடைசி நொடியில் உடம்பைத் திருப்பி, 45 டிகிரி சாய்வில் அடியை வாங்குகிறார் என்று வையுங்கள். உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், அவருடைய வேக மாற்றம் 6.3 ஆகக் குறைந்துவிடும். பெரியவர் நேருக்கு நேர் மோதியபோது வாங்கிய 7.1ஐவிடக் குறைவு. 20 கிலோ கூடுதல் சதை தருகிற பாதுகாப்பைவிட ஒரு தோள் திருப்பல் அதிகம் தருகிறது. நிஜ ஆட்டத்தில் தசை, முட்டி மடிப்பு, பலகையின் தூரம் என்று இன்னும் எத்தனையோ சேரும். ஆனாலும் கணக்கு காட்டுகிற திசை சரியானது.

ஆக, அடி எவ்வளவு கனம் என்பதோடு, அடி வருவது தெரிந்ததா என்பதும் சேர்ந்தே கேட்கப்பட வேண்டிய கேள்வி. நின்றபடி பஸ்ஸில் போகிறவர்களைப் பாருங்கள். ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருகிறவர், டிரைவர் பிரேக்கில் கால் வைக்கும்போதே கம்பியை இறுக்கிப் பிடித்துவிடுவார். போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர் எவ்வளவு வாட்டசாட்டமாக இருந்தாலும் முன்னால் இருப்பவர்மேல் போய் விழுவார்.

இதற்கு ஹாக்கியிலேயே ஒரு ஜோடி உதாரணம் இருக்கிறது. இரண்டிலும் மோதியவர் ஒருவரே: நியூ ஜெர்சி டெவில்ஸின் தடுப்பாளர் ஸ்காட் ஸ்டீவன்ஸ். 2000 மே மாதம், கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம். பிலடெல்பியாவின் எரிக் லிண்ட்ராஸ் பக்கைத் தள்ளிக்கொண்டு எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டைக் கடந்து உள்ளே வருகிறார். 6 அடி 4 அங்குலம், நூறு கிலோவைத் தாண்டிய எடை. அந்தக் காலத்தில் இவரை இடித்தால் இடித்தவருக்குத்தான் வலிக்கும் என்று பெயர். ஆனால் அந்த நொடியில் தலை குனிந்து பக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டீவன்ஸின் தோள் தாடையில் இறங்கியது. அதற்கு முன்பே தலைக்காயங்கள் பட்டிருந்த லிண்ட்ராஸ் அடுத்த பருவம் முழுவதும் ஆடவில்லை. திரும்பி வந்தபோது பழைய லிண்ட்ராஸாக இல்லை.

மூன்று வருடம் கழித்து, 2003இல், லீகின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். அனாஹைமின் பால் கரியா, 5 அடி 10 அங்குலம், பக்கை பாஸ் செய்துவிட்டு அது போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஸ்டீவன்ஸ். கரியா பனியில் அசைவற்றுக் கிடந்தார். சில நிமிடங்கள் கழித்துத் திரும்பி வந்து அதே ஆட்டத்தில் கோலும் போட்டார். அரங்கமே எழுந்து நின்றது. இன்றைய விதிகளின்படி அவரை அன்றைக்குத் தளத்துக்குள் விட்டிருக்கவே மாட்டார்கள். 2011இல் தலைக்காயங்களைக் காரணமாகச் சொல்லி அவர் ஓய்வு பெற்றார்.

ஒருவர் லீகின் பெரிய உடம்புகளில் ஒன்று, இன்னொருவர் சிறியவர்களில் ஒருவர். இருவரையும் வீழ்த்தியது பார்க்காத அந்த ஒரு நொடி. லிண்ட்ராஸின் தம்பி பிரெட்டும் 6 அடி 4 அங்குலம்தான். 20 வயதிலேயே தலைக்காயங்களால் ஆட்டத்தை விட்டார். பெரிய உடம்பு கவசம் என்று நம்புகிறவர்கள் அந்தக் குடும்பத்தின் கதையை ஒரு தடவை பார்ப்பது நல்லது.

சிறியவர்கள் அடி வாங்குபவர்கள் மட்டுமில்லை, கொடுப்பவர்களும்தான். 2019 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் நடந்ததை பாஸ்டன் ரசிகர்கள் இன்னும் ஓட்டிப் பார்க்கிறார்கள். 5 அடி 9 அங்குலமுள்ள டோரி க்ரூக் தன் கோலுக்கு முன்னால் செயின்ட் லூயிஸின் டேவிட் பெரானோடு கட்டிப் புரள்கிறார். ஹெல்மெட் கழன்று விழுகிறது. எழுந்தவர் அதைத் தேடவில்லை. முடி பறக்க, தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சறுக்கிப் போய், தன்னைவிட உயரமான ராபர்ட் தாமஸைத் தூக்கி அடித்தார். வேகம் கூடினால் எடைக் குறைவு ஈடாகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்த வகுப்பிலும் கிடைக்காது. (அந்த வருடமே, ஹெல்மெட் கழன்றால் எடுத்துப் போட வேண்டும் அல்லது தளத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று விதி வந்துவிட்டது.) அதே க்ரூக் கணுக்கால் மூட்டு தேய்ந்துபோய் 2024-25 பருவம் முழுவதையும் இழந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பெரிய அடியைத் தாங்குவது வேறு, நூற்றுக்கணக்கான ஆட்டங்களின் சில்லறை அடிகள் சேர்ந்துகொண்டே போவது வேறு.

சிறியவர்கள் பிழைக்கும் வழிகளைக் கவனித்துப் பார்த்தால் தற்செயல் கொஞ்சம்தான், வேலைதான் அதிகம். பலகை ஓரமாகக் கிடக்கும் பக்கை எடுக்கப் போகும்போது, அங்கே சேருவதற்கு முன்பே தோளுக்கு மேலாக இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்க்க வேண்டும். யார் வருகிறார், எந்தக் கோணத்தில், எவ்வளவு வேகத்தில் என்று. பலகையிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி நிற்பதுதான் இருப்பதிலேயே மோசமான இடம். தள்ளினால் தலை முதலில் போய் இடிக்கும். ஒன்று ஒட்டியே நிற்க வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்தில் இருக்கவே கூடாது. முட்டியை மடித்து எடையைத் தாழ்த்தினால், உயரமானவரின் தோள் சரியாகப் பொருந்த இடம் கிடைக்காது. ஹட்சனின் ஆட்டத்தைப் பார்த்தால், தலையையும் தோளையும் ஒரு பக்கம் காட்டி, கால்களை இன்னொரு பக்கம் கொண்டுபோவார். மோத வருபவர் காற்றை இடித்துவிட்டுப் பலகையில் போய் நிற்பார். அவருடைய அணித்தோழர் காஃபீல்ட் இன்னும் சிறியவர். அவர் கூட்டத்துக்குள் நின்று தள்ளுமுள்ளு செய்வதே குறைவு. எல்லோரும் பக்கைப் பார்க்கும்போது யாரும் இல்லாத இடத்துக்குத் தாமதமாக வந்து சேர்ந்து, வந்த பாஸை நிறுத்தாமல் அடிப்பார்.

வெய்ன் கிரெட்ஸ்கி செய்ததும் இதைத்தான். 6 அடி உயரம் இருந்தாலும் அவர் ஒல்லி. 17 வயதிலேயே தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தவர். கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். வலைக் கூண்டு நடுவில் இருப்பதால் நேராக வந்து மோத வழியில்லை, இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கம் போய்விடுவார். கூடவே இன்னொரு ஏற்பாடும் இருந்தது. எட்மன்டன் அணியில் டேவ் செமென்கோ என்ற வாட்டசாட்டமான ஆள். கிரெட்ஸ்கியை யாராவது தொட்டால் செமென்கோவுக்குப் பதில் சொல்ல வேண்டும். 1988இல் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு விற்றபோது மார்ட்டி மெக்சோர்லி என்ற இன்னொரு முரடரையும் சேர்த்தே அனுப்பினார்கள். திறமையைக் காக்க ஒரு காவல்காரனுக்குச் சம்பளம் கொடுத்த காலம் அது.

அந்த வேலை மெல்ல மெல்ல நடுவர்கள் கைக்குப் போனது. 2004-05 பருவம் சம்பளத் தகராறில் முழுதாக ரத்தானது. அடுத்த வருடம் லீக் திரும்பி வந்தபோது, பக் இல்லாதவரைக் கட்டிப் பிடிப்பது, மட்டையைக் கொக்கிபோல் மாட்டி இழுப்பது போன்றவற்றுக்கு அதுவரை கண்டும் காணாமல் இருந்த நடுவர்கள் வரிசையாகத் தண்டனை கொடுக்கத் தொடங்கினார்கள். நீண்ட பாஸ்களுக்கு இருந்த தடையும் நீங்கியது. மோதலைவிட இந்தப் பிடித்து இழுத்தல்தான் சிறியவர்களுக்கு அதுவரை பெரிய எதிரியாக இருந்தது என்று நினைக்கிறேன். ஓட விட்டால்தானே தப்பிக்க முடியும்? மட்டையால் கையில் அடிப்பதும் அப்படித்தான். 5 அடி 9 அங்குலமுள்ள கால்கரி வீரர் ஜானி காட்ரோவின் கைகளில் எதிரணிகள் வெளுத்து வாங்கின. 2016 நவம்பரில் அவர் விரலே உடைந்தது. அடுத்த பருவத்தில் அந்தக் குற்றத்துக்கும் லீக் கடுமை காட்டத் தொடங்கியது. 2024இல் சாலை விபத்தில் காலமான காட்ரோ, அதற்குள் ஒரே பருவத்தில் 115 புள்ளிகள் (கோலுக்கு ஒன்று, கோலுக்கு உதவிய பாஸுக்கு ஒன்று) எடுத்தவராகப் பெயர் பதித்திருந்தார்.

இனி வயதுக்கு வருவோம். ஜோ தார்ன்டன் 1997 டிராஃப்ட்டின் முதல் பெயர். 6 அடி 4 அங்குலம். உயரத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. 18 வயதில் பாஸ்டனுக்காக 55 ஆட்டங்கள் ஆடி மூன்றே மூன்று கோல் போட்டார், மொத்தம் 7 புள்ளிகள். பல ஆட்டங்களில் சில நிமிடங்களே களத்தில் இருந்தார், சிலவற்றில் இறக்கவே இல்லை. அதே மனிதர் 2006இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையை வாங்கினார். இடைப்பட்ட காலத்தில் அவர் ஒரு அங்குலம்கூட வளரத் தேவையிருக்கவில்லை. உடம்பும் பார்வையும் முதிர வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஜேக் ஹியூஸ் 2019இன் முதல் பெயர். 5 அடி 11 அங்குலம், ஒல்லியான உடம்பு. 18 வயதில் 61 ஆட்டங்களில் 21 புள்ளிகள். நான்காவது பருவத்தில் 99. ஆனால் 2024இலும் 2025இலும் அடுத்தடுத்துத் தோள்பட்டை அறுவை சிகிச்சை. சீக்கிரம் களமிறங்கியதால்தான் தோள் போனது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி நிரூபிக்க வழியில்லை. ஆனால் உடம்பு 18இல் முடிந்துபோன வேலை இல்லை என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். காறை எலும்பின் உள்முனை பலருக்கு இருபதுகளில்தான் முழுதாகக் கூடுகிறது. தசை அடர்த்தியும் அதே வயதுகளில்தான் ஏறுகிறது.

அப்புறம் கானர் பெடார்ட். 2023இன் முதல் பெயர், 5 அடி 10 அங்குலம், சிகாகோ. 2024 ஜனவரி 5, நியூ ஜெர்சியில் ஆட்டம். எதிரணியின் நீலக்கோட்டைத் தாண்டும்போது பக் கொஞ்சம் முன்னால் போய்விட, அதை எட்டிப் பிடிக்கக் குனிந்தார். பிரெண்டன் ஸ்மித்தின் தோள் தாடையில் பட்டது. லிண்ட்ராஸுக்கு நடந்தது போலவே நீலக்கோடு, குனிந்த தலை. தாடை உடைந்தது, 14 ஆட்டங்கள் போயின. ஸ்மித்துக்கு லீக் தடை எதுவும் விதிக்கவில்லை, மோதல் அந்த அளவு வழக்கமானது. சிகாகோவின் மூத்த வீரர் நிக் ஃபொலீனோ உடனே போய் ஸ்மித்தோடு சண்டை போட்டார். அதில் ஃபொலீனோவின் விரல் முறிந்து அவரும் ஓய்வுக்குப் போனார். காவல்கார முறையின் இன்றைய லாபநஷ்டக் கணக்கு இப்படி இருக்கிறது. பெடார்ட் திரும்பி வந்து 68 ஆட்டங்களில் 61 புள்ளிகளோடு கால்டர் கோப்பையை வாங்கினார் என்பது அவருடைய பெருமை. ஆனால் அந்த நீலக்கோட்டில் தலையைத் தூக்கி வைத்திருக்கும் பழக்கம் உயரத்தோடு வருவது இல்லை, பெரியவர்களோடு ஆடிய ஆட்டங்களோடு வருவது. ஜூனியர் லீகில் அவ்வளவு திறமையுள்ள பையனுக்குக் குனிந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. அதுவரை யாரும் அவனைப் பிடித்ததே இல்லை.

இப்போது சிறியவர்கள் பக்கம் திரும்பி, யார் யார் எந்த வயதில் வந்தார்கள் என்று பாருங்கள். ஹட்சன் டிராஃப்ட்டுக்குப் பிறகு இரண்டு வருடம் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆடினார். காஃபீல்ட் இரண்டு வருடம் விஸ்கான்சினில். காட்ரோ மூன்று வருடம் பாஸ்டன் கல்லூரியில். க்ரூக்கை யாரும் டிராஃப்ட் செய்யவே இல்லை. மூன்று வருடம் மிச்சிகன் ஸ்டேட்டில் இருந்துவிட்டு வந்தார். மார்ட்டின் சென் லூயி, 5 அடி 8 அங்குலம், அவரையும் யாரும் எடுக்கவில்லை. நான்கு வருடம் வெர்மான்ட் பல்கலைக்கழகம், பிறகு கீழ் லீகுகள், கால்கரி கைவிட்டது, டாம்பாவில் கால் ஊன்றியபோது வயது 25. அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் பெரும்பாலும் வார இறுதியில்தான். மற்ற நாட்கள் உடற்பயிற்சிக்கூடத்துக்கு. எதிரே நிற்பவர்களில் 22, 23 வயது ஆட்களும் இருப்பார்கள்.

அதாவது, சின்ன உடம்பு என்று அணிகள் தயங்கியதே அவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பாக இருந்திருக்கிறது. யாரும் அவசரப்படுத்தவில்லை. முதல் பெயராக வாசிக்கப்படுபவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. டிக்கெட் விற்க வேண்டும், அக்டோபரிலேயே களத்தில் நிற்க வேண்டும். சென் லூயி 2004இல் அதிகப் புள்ளிகளுக்கான ஆர்ட் ராஸ், ஹார்ட், ஸ்டான்லி மூன்று கோப்பைகளையும் வாங்கினார். 2013இல் 37 வயதில் மறுபடியும் ஆர்ட் ராஸ். நடுவில் ஒரு கட்டத்தில் தொடர்ந்து 499 ஆட்டங்கள் ஒன்றுகூட விடாமல் ஆடியிருக்கிறார். அந்த வரிசையை முறித்தது எந்த ராட்சதனின் மோதலும் இல்லை. பயிற்சியில் சொந்த அணிக்காரர் அடித்த பக் முகத்தில் பட்டது.

அவர் 2022 பிப்ரவரியில் மாண்ட்ரியாலின் பயிற்சியாளராக வந்ததும் நடந்தது இன்னும் சுவையானது. அதுவரை அந்தப் பருவத்தில் காஃபீல்ட் 30 ஆட்டங்களில் போட்டது ஒரே ஒரு கோல். ஆள் சிறியவன், இந்த லீகைத் தாங்க மாட்டான் என்று எழுதத் தொடங்கியிருந்தார்கள். சென் லூயி வந்த பிறகு 37 ஆட்டங்களில் 22 கோல். உயரம் மாறவில்லை. தன்னைப் போலவே இருக்கும் ஒருவன் தளத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த ஆள் பெஞ்சுக்குப் பின்னால் நின்றார்.

இந்தச் சித்திரத்துக்கு எதிர்ச்சாட்சி இல்லாமல் இல்லை. பேட்ரிக் கேன் 5 அடி 10 அங்குலம். 2007இல் டிராஃப்ட் ஆகி, 18 வயதிலேயே களமிறங்கி, அந்தப் பருவத்தில் 72 புள்ளிகள் எடுத்தார். பஃபலோவின் சாக் பென்சன் 2023இல் 13-வதாக எடுக்கப்பட்டு, அந்த அக்டோபரிலேயே இடம் பிடித்தார். ஒல்லிப் பையன், கோல் முன்னால் போய் வம்பு இழுப்பதே வேலை. இப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆனால் நாம் பார்ப்பது எல்லாம் சல்லடையில் தங்கியவர்களை. 5 அடி 8 அங்குலத்தில் லீகுக்குள் வந்துவிட்டவர் ஏற்கெனவே பத்து இடங்களில் வடிகட்டப்பட்டவர். அவர்களை வைத்து எல்லாச் சிறியவர்களும் தாங்குவார்கள் என்று சொன்னால் கணக்கு தப்பிவிடும்.

வடிகட்டலிலேயே கோளாறு இருக்கிறது என்பதும் உண்மை. 1980களில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற கனேடிய உளவியலாளர், ஜூனியர் ஹாக்கி வீரர்களின் பிறந்தநாள்களில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் அதிகமாக இருப்பதைக் கவனித்தார். கனடாவில் குழந்தைகளை வயதுவாரியாகப் பிரிக்கும் தேதி ஜனவரி 1. ஒன்பது வயதில் ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவன், பெரியவன். அவனையே நல்ல அணிக்கு எடுக்கிறார்கள், அவனுக்கே நல்ல பயிற்சி கிடைக்கிறது. 2013இல் ராபர்ட் டீனரும் அவருடைய சகாக்களும் என்ஹெச்எல் டிராஃப்ட்டை ஆராய்ந்து இன்னொன்றைக் கண்டார்கள்: ஆண்டின் பிற்பகுதியில் பிறந்தவர்கள், தாங்கள் எடுக்கப்பட்ட இடத்துக்கு எதிர்பார்க்கப்படுவதைவிட நன்றாக ஆடுகிறார்கள். அதாவது, அந்தந்த வயதில் சிறியவனாகத் தெரிந்தவனை அணிகள் தொடர்ந்து குறைத்தே மதிப்பிட்டு வந்திருக்கின்றன.

குழந்தைகள் விஷயத்தில் விடை ஓரளவு தெளிவாகிவிட்டது. 2010இல் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 11-12 வயதிலேயே பாடி செக் அனுமதித்த ஆல்பர்ட்டா மாகாணத்தையும் அனுமதிக்காத கியூபெக்கையும் ஒப்பிட்டார்கள். ஆல்பர்ட்டாவில் தலை அதிர்ச்சிக் காயத்துக்கான ஆபத்து மூன்று மடங்குக்கு மேல். 2011இல் அமெரிக்காவும் 2013இல் கனடாவும் அந்த வயதுப் பிரிவில் மோதலை நிறுத்தின. சீக்கிரம் கற்றுக்கொடுத்தால்தான் பின்னால் தாங்குவான் என்ற பழைய வாதம் இன்னும் அரங்கத்துப் படிக்கட்டுகளில் கேட்கும். டொராண்டோ பக்கம் பிள்ளைகளை விடியற்காலையில் பயிற்சிக்குக் கூட்டிப் போகும் நம்மவர்களும் அதைக் கேட்டிருப்பார்கள். 12 வயதில் மீசை முளைத்தவனும் முளைக்காதவனும் ஒரே தளத்தில் நிற்பார்கள் என்பதை அந்த வாதம் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு இடத்தில் மட்டும் பெரியவர்கள் கட்சிக்கு நான் விட்டுக்கொடுப்பேன்: பருவத்தின் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகள். நடுவர்கள் விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் மாதங்கள் அவை. ஒரே எதிரணியை இரண்டு வாரத்தில் ஏழு முறை வரை சந்திக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் கொடுத்த அடிக்கு ஐந்தாவது ஆட்டத்தில் வட்டி கிடைக்கும். 2025 ஏப்ரலில் மாண்ட்ரியாலின் இளம் அணி வாஷிங்டனிடம் 4-1 என்று தோற்றது. நான்காவது ஆட்டத்தில் மாண்ட்ரியால் முன்னிலையில் இருந்தபோது, 6 அடி 4 அங்குல டாம் வில்சன் பலகை ஓரத்தில் அலெக்சாண்டர் கேரியர்மேல் இறங்கினார். கேரியர் விழுந்த இடத்திலிருந்து பக் கைமாறி, நொடிகளில் வாஷிங்டன் கோல் போட்டுச் சமன் செய்தது. அதோடு ஆட்டத்தின் போக்கே திரும்பியது. அந்தக் கோடையில் மாண்ட்ரியால் செய்த முதல் பெரிய காரியம், 6 அடி 4 அங்குல தடுப்பாளர் நோவா டாப்சனை வாங்கியது. சிறியவர்கள் இருக்கலாம், ஆனால் கோல்கீப்பர்கள் நீங்கலாக ஓர் ஆட்டத்துக்கு இறங்கும் பதினெட்டு பேரும் சிறியவர்களாக இருக்க முடியாது. நான்கைந்து சிறியவர்களைச் சுமக்கும் அளவுக்கு மற்றவர்கள் கனமாக இருந்தால் அணி நிற்கும்.

தனி ஆளைப் பொறுத்தவரை தீர்வு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, தடுத்தது என்ஹெச்எல்லுக்கும் ஜூனியர் லீகுகளுக்கும் இடையிலான ஒப்பந்தம். கனடாவின் ஜூனியர் லீகுகளிலிருந்து எடுக்கப்பட்ட பையனை, 20 வயது ஆகும்வரை ஏஹெச்எல் எனும் இரண்டாம் நிலைத் தொழில்முறை லீகுக்கு அனுப்ப முடியாது. ஒன்று என்ஹெச்எல், இல்லையேல் திரும்ப ஜூனியர். ஜூனியரில் அவனுக்குக் கற்க ஒன்றும் மிச்சமில்லை, என்ஹெச்எல்லில் உடம்பு தாங்கவில்லை. நடுவில் இருக்கும் படிக்கட்டு அவனுக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கும். ஒன்பது ஆட்டம் வரை ஆடவிட்டுப் பார்க்கலாம், பத்தாவது ஆடினால் அவனுடைய ஒப்பந்தத்தில் ஒரு வருடம் கழிந்துவிடும். எனவே அக்டோபர் கடைசியில், ஒன்பதாவது ஆட்டம் முடிந்ததும், பதினெட்டு வயதுப் பையனின் எதிர்காலத்தை மேலாளர்கள் அவசர அவசரமாக முடிவு செய்வார்கள். ஜூனியர் அணிகளுக்கு நட்சத்திரங்கள் வேண்டும் என்பதுதான் இந்தப் பூட்டின் காரணம். பையனின் தோளும் தாடையும் அந்தப் பேச்சுவார்த்தையில் இருந்த மாதிரித் தெரியவில்லை.

2025 கோடையில் லீகும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட புதிய ஒப்பந்தம் 2026-27 முதல் இதைக் கொஞ்சம் தளர்த்துகிறது: ஒவ்வொரு அணியும் 19 வயதுக்காரர் ஒருவரை ஏஹெச்எல்லுக்கு அனுப்பிக்கொள்ளலாம். ஒருவரை மட்டும். பெடார்டின் தாடை உடைந்த வயது 18. அந்த வயதுக்காரர்களுக்கு இன்னும் பழைய விதிதான். அதே ஒப்பந்தம் ஆட்டங்களின் எண்ணிக்கையை 82இலிருந்து 84 ஆகவும் உயர்த்தியிருக்கிறது.